அச்சம் பதிவாகவில்லை

பரிதியின் கோப்பு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அஞ்சுகத்தின் மேசைக்கு வந்து சேர்ந்தது. மற்றக் கோப்புகள் எப்படி வருமோ அப்படியேதான் வந்தது. பழுப்பு அட்டை, நாடா, மேலே ஓர் எண், உள்ளே நான்கு புகைப்படங்கள், ஒரு ஹெல்மெட்டின் பதிவு. நெய்தல் நகரில் சைக்கிள் பாதையில் யார் செத்தாலும் கோப்பு கடைசியில் அவளிடம்தான் வரவேண்டும். செத்தவன் அவளுடைய கணவன் என்பதற்காக அது வேறு மேசைக்குப் போய்விடாது. அலுவலகத்துக்கு அந்த மாதிரி நெளிவுசுளிவெல்லாம் தெரியாது.

மேலதிகாரி நாச்சியப்பன் எழுந்து அவள் இடத்துக்கே வந்தார். அவர் நாற்காலியை விட்டு எழுந்ததே அன்றைக்கு ஒரு செய்தி.

"இத நீங்க பாக்க வேணாம்மா. லீவு போட்டுட்டு வீட்டுக்குப் போங்க. வேற யாருக்காச்சும் மாத்தி விட்டுடறேன்."

"வேற யாரு சார் இருக்காங்க இந்த வேலைக்கு? பரவால்ல. நானே பாத்துடறேன்."

அவள் வாய் உபசாரத்துக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே பரவாயில்லாமல்தான் இருந்தது. தலையில் ஹெல்மெட் இருந்தது.

பரிதி போய் அறுபத்தொரு நாள். குளிக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவள் அதைக் கழற்றுவதே இல்லை. முதல் வாரம் அலுவலகத்தில் எல்லோரும், வெளியிலிருந்து வந்தவள் மறந்துபோய்ப் போட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்தார்கள். இரண்டாம் வாரம் பழகிவிட்டது. மூன்றாம் வாரம் தபால் பிரிவில் இன்னொரு அம்மாளும் போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். அவளுக்கு என்ன கவலையோ, யாரும் கேட்கவில்லை.

நெய்தல் நகரில் பிறக்காதவர்களுக்கு இந்த ஹெல்மெட் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிட வேண்டும். அந்த நகரத்துக்குள் மோட்டார் வண்டி நுழையக்கூடாது. பேருந்தும் சைக்கிளும் மட்டும்தான். சைக்கிளில் ஏறுகிறவர் எவரானாலும் நகராட்சி கொடுக்கும் ஹெல்மெட்டைப் போட்டாக வேண்டும். அதன் நெற்றிப் பட்டை, ஓட்டுகிறவருக்கு எந்த இடத்தில் பயம் வருகிறது, எவ்வளவு வருகிறது என்று அளந்து அனுப்பும். ஓர் இடத்தில் நிறையப் பேர் பயந்தால் வரைபடத்தில் அந்த இடம் சிவக்கும். சிவந்த இடத்தை முப்பது நாளைக்குள் பொறியாளர்கள் போய்ச் சரிசெய்ய வேண்டும் என்பது சட்டம். முதல் இரண்டு வருடம் அது பொற்காலம்தான். மீன் மார்க்கெட்டுக்கு எதிரில் இருந்த மேட்டைச் செதுக்கினார்கள். பள்ளிக்கூட வாசலில் நின்ற விளம்பரக் கம்பத்தைப் பிடுங்கினார்கள். "நம்ம பயந்தா போதும்பா, ரோடு தானா நேராயிடும்" என்று டீக்கடையில் பெருமையடித்துக்கொண்டார்கள்.

அப்புறம் ஒரு புகார் வந்தது. பயந்த மாத்திரத்தில் ஆட்கள் ஹேண்டில்பாரை வெடுக்கென்று இழுத்து, அதனாலேயே விழுகிறார்கள் என்று. டாக்டர்கள் கூடி உட்கார்ந்து பேசினார்கள். ஹெல்மெட்டில் காதுக்குப் பின்னால் இரண்டாவதாக ஒரு பட்டை சேர்ந்தது. பயம் எழும்பினால் கண் இமைக்கும் நேரத்துக்குள் அது மெல்லிய அதிர்வு ஒன்றைக் கொடுத்து மனத்தைச் சமப்படுத்திவிடும். அதற்குச் 'சமன்' என்று பெயர் வைத்தார்கள். அப்படி விழுகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். கூடவே வரைபடமும் பச்சையாகிவிட்டது. ஊரே பச்சை. பயமே இல்லாத பாதை என்று வெளியூர்க்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தச் சமன் கணவனை இழந்தவளுக்கும் வேலை செய்யும் என்று எந்த டாக்டரும் சொல்லித் தரவில்லை. சவத்தை எடுத்த அன்று, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை சைக்கிளில் போய்வந்த அஞ்சுகம் அதைத் தற்செயலாகத் தெரிந்துகொண்டாள்.

அவள் கோப்பைப் பிரித்தாள். முதல் படம், உப்பளத்து வளைவு. எட்டடி அகலத்துக்குச் சிவப்பு வண்ணம் பூசிய பாதை, வளைகிற இடத்தில், நட்டநடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு மின்சாரப் பில்லர் பெட்டி. பாதை போட்டவர்களுக்குப் பெட்டியை நகர்த்த அதிகாரம் இல்லை. பெட்டி வைத்தவர்களுக்குப் பாதை வரப்போவது தெரியாது. வண்ணம் பூசியவர்கள் பெட்டியைச் சுற்றி ஒழுங்காகப் பூசியிருந்தார்கள். சைக்கிள் படம் வரைந்த ஆள் இன்னும் கடமை தவறாதவன்; முன்சக்கரத்தைத் தரையிலும் பின்சக்கரத்தைப் பெட்டியின் சிமெண்டு அடிக்கட்டையிலுமாக வரைந்துவிட்டுப் போயிருந்தான். இடப்பக்கம் சாக்கடை மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டரை அடி. வலப்பக்கம் இரண்டடி, அதைத் தாண்டினால் ஒரு சாண் பள்ளம், பள்ளத்தில் பேருந்துத் தடம்.

பரிதி வலப்பக்கமாகப் போயிருக்கிறான். முன்சக்கரம் விளிம்பிலிருந்து நழுவ, பேருந்துத் தடத்தில் விழுந்திருக்கிறான். தலையில் ஒரு கீறல் இல்லை. தலை ஒன்றைத் தவிர மற்றதைப் பேருந்து எடுத்துக்கொண்டது. ஹெல்மெட் பிரிவின் ஆண்டறிக்கையில், கவசத்தின் உறுதிக்குச் சான்றாக, பெயர் போடாமல் அவனைச் சேர்த்திருந்தார்கள்.

நான்காவது படத்தில் பெட்டிக்குப் பதினெட்டடி முன்னால் தரையில் ஒரு கறுப்புக் கோடு. 'பிரேக் தடம், நீளம் இரண்டடி' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனாள். பதிவைத் திறந்தாள். உப்பளத்து வளைவுக்கு முன்னும் பின்னும் கோடு சமமாக, மேசை மாதிரி கிடந்தது. அச்சம் பதிவாகவில்லை. படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்: தடம், எதிர் வாகனம், ஓட்டுநர் (அதாவது சைக்கிளில் போனவர்). பயம் பதிவாகாத இடத்தில் தடத்தின்மேல் குற்றம் சொல்ல விதி இல்லை. பேருந்து ஓட்டுநர்மேல் தவறில்லை. மிச்சம் ஒரே கட்டம்தான். 'ஓட்டுநர் - கவனக்குறைவு' என்று பென்சிலால் குறித்து வைத்தாள். ஹெல்மெட் பிரிவின் சான்று வந்ததும் வெள்ளிக்கிழமை பேனாவால் போட்டுக் கையெழுத்திட வேண்டும். சாப்பாட்டு மணி அடித்தது. சாப்பிடப் போனாள்.

சாயந்திரம் வீட்டில் ஆதிரை தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. அப்பாவின் மூக்கு, அப்பாவின் பிடிவாதம். அவள் கரண்டியும் கையுமாக நின்று அழுதாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அடுத்த தோசைக்கு மாவை ஊற்றினாள். அறுபத்தொரு நாளாக இப்படித்தான். பக்கத்து வீட்டு டிவியைச் சன்னல் வழியாகப் பார்ப்பது போல அஞ்சுகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத கழட்டேம்மா. வீட்டுக்குள்ளயாவது."

"கழட்டினா தல வலிக்குது."

"அப்பா கோப்பு உன்கிட்டதான் வரும்னு ஹெல்மெட் பிரிவு மீரான் மாமா சொன்னாரு. வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்ன எழுதப் போற?"

"என்ன இருக்கோ அதத்தான். பயமே பதிவாகல ஆதிரை. கவனிக்காம போயிருக்காரு."

ஆதிரை அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "அப்பாவா? கவனமில்லாமயா?"

பரிதி லிப்ட் மெக்கானிக். கதவு சரியாக மூடியதா என்று மூன்று தரம் இழுத்துப் பார்க்காமல் எந்தக் கட்டடத்திலிருந்தும் வெளியே வந்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான். மாடிக் கதவுத் தாழ்ப்பாளை அவன் மூன்று தரம் இழுக்கிற சத்தம் கேட்டால்தான் அந்த வீட்டுக்குத் தூக்கம் வரும். அவன் பேரில் கவனக்குறைவு என்று எழுதினால் எழுதுகிறவள் பேனா கூசவேண்டும். அஞ்சுகத்துக்குக் கூசவில்லை.

"பதிவுல அப்படித்தான் இருக்கு" என்றாள்.

"எனக்கே அந்த எடத்துல பயமா இருக்கும். பெட்டிக்கு முன்னாடியே இறங்கித் தள்ளிட்டுதான் போவேன். தெனமும்."

"பயமா இருக்காதே? சமன் வந்துடுமே?"

ஆதிரை கூடத்துக்குப் போய்த் தன் ஹெல்மெட்டை எடுத்துவந்து அம்மாவின் மடியில் வைத்தாள். காதுக்குப் பின்னால் வரும் பட்டையின் அடியில் கைக்குட்டை ஒன்று நாலாக மடித்துச் செருகியிருந்தது.

"எங்க கிளாஸ்ல பாதிப் பேரு இப்படித்தான் வச்சிருக்கோம். அது சுர்ருனு வந்துச்சுன்னா, அப்புறம் பரீட்சைகூடப் பெருசாத் தோணாது. நமக்கு நடக்கறது நமக்கே நடக்காத மாதிரி இருக்கும். எனக்குப் புடிக்கல. ஆனா ஆபீஸ்ல எப்படியோ தெரிஞ்சிடுதும்மா. ஹெல்மெட் பழுதுன்னு சொல்லி எனக்கு மூணு தடவ மாத்திக் குடுத்துட்டாங்க."

எப்படித் தெரிகிறது என்பது அஞ்சுகத்துக்குத் தெரியும். சமன் கொடுத்த பிறகும் ஒரு ஹெல்மெட் பயம் காட்டினால் அந்த ஹெல்மெட் பழுதானது என்று விதி. தினமும் காலை அவள் திரையில் பழுதான ஹெல்மெட்டுகளின் எண்கள் வரிசையாக வரும். அவற்றின் பதிவை வரைபடத்திலிருந்து நீக்கி, மாற்று ஹெல்மெட்டுக்கு ஓலை அனுப்புவது அவள் வேலை. ஹெல்மெட்டை மாற்றினாலும் எண் மாறாது, அது ஆளுக்கு உரியது. உப்பளத்து வளைவில் காலை எட்டு பத்துக்கு ஓர் எண் தினம் தவறாமல் வரும். எட்டு மாதமாக அவளும் தினம் தவறாமல் அதை அழித்துக்கொண்டு வந்தாள். யாருடையது என்று பார்க்கவேண்டிய தேவை அந்த வேலையில் இல்லை. இப்போது ஹெல்மெட்டின் உள்விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள். அதே எண்தான்.

தொண்டைக்குக் கீழே என்னவோ எழும்பியது. எழும்பிய வேகத்தில் படுத்துவிட்டது. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். நூறு பதிவுகளில் பார்த்திருக்கிறாள், படுத்த பிறகு, சமமான கோடாக. இரண்டு கையாலும் கொக்கியைத் தேடி அவிழ்த்து ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

முதலில் வந்தது பயம். இந்தப் பெண் எட்டு மாதமாக அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் போய்வருகிறாளே என்ற பயம். அதற்குப் பின்னால் மற்றது வந்தது. அறுபத்தொரு நாள் கழித்து அவளுக்கு அன்றைக்குத்தான் புருஷன் செத்தான். ஆதிரை அம்மாவின் தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு அஞ்சுகம் கதறினாள்.

மறுநாள் அவள் நேராக ஹெல்மெட் பிரிவுக்குப் போனாள். மீரான் அங்கே தொழில்நுட்பம் பார்ப்பவன். பரிதியோடு சேர்ந்து கேரம் ஆடியவன். வெறும் தலையோடு, வீங்கின கண்ணோடு அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"அக்கா, உக்காருங்க. தண்ணி குடிங்க."

"மீரான், பயம் எப்ப பதிவாகுது? சமனுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிதான். சமன் குடுத்ததுக்கப்புறம் என்ன மிஞ்சுதோ அதத்தான் அனுப்பும்."

"முன்னாடி வந்தது எங்க போவும்?"

"ஹெல்மெட்டுக்குள்ளயே கெடக்கும், தொண்ணூறு நாளைக்கு. அதுக்கு மேல தானா அழிஞ்சிடும். யாரும் கேக்கறதில்ல, அதனால நாங்களும் எடுக்கறதில்ல."

"அவரோடத எடு."

மீரான் பீரோவைத் திறந்து, சீல் வைத்த பையிலிருந்து பரிதியின் ஹெல்மெட்டை எடுத்து மேசையில் வைத்து ஒயரை மாட்டினான். திரையில் கோடு ஓடியது. உப்பளத்து வளைவு வந்ததும் கோடு நெட்டுக்குத்தாக ஏறியது, இறங்கியது. காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. முந்தின நாளும். அதற்கு முந்தின நாளும். சாவதற்கு முன்னால் ஒரு மாதம், கிழமை தவறாமல், பரிதி அந்த இடத்தில் பயந்திருக்கிறான். வீட்டுக்கு வந்து ஒருநாளும் சொன்னதில்லை. பயந்தது அவனுக்கே தெரிந்திருக்காது.

கடைசி நாள் ஏற்றம் மற்ற நாளைவிடப் பெரியது. அன்றைக்குப் பின்னாலிருந்து பேருந்து வந்துகொண்டிருந்தது.

"இங்க பயம் ஏறுது பாருங்க" என்று மீரான் விரலால் தொட்டுக் காட்டினான். "இங்க சமன் வருது. நடுவுல ரொம்பக் கொஞ்சம் நேரம். அந்த நேரத்துல சைக்கிள் எவ்வளவு தூரம் போயிருக்கும்னு பாத்தா..." மனக்கணக்குப் போட்டான்.

"ரெண்டடி" என்றாள் அஞ்சுகம்.

"ஆமாக்கா. பயந்திருக்காரு. பிரேக்கப் புடிச்சிருக்காரு. அப்புறம் இது வந்து ஒண்ணுமில்ல, போன்னு சொல்லிடுச்சு. கைய எடுத்துட்டாரு."

அஞ்சுகம் கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"எந்த மடையன்டா சமனுக்கு அப்புறம் பதிவு பண்ணச் சொன்னான்?"

"நாங்களா செய்யலக்கா. உங்க பக்கத்துலேர்ந்து அப்படிக் கேட்டிருந்தாங்க." மீரான் பழைய கோரிக்கைத் தாளைத் தேடித் திறந்தான். ஏழு வருடத்துக்கு முந்தையது. பதிவுப் பிரிவின் தேவைகள் என்று ஒன்பது வரிகள். ஆறாவது வரி: 'வரைவு நிலையிலுள்ள அளவுகளைப் பதிவு செய்யலாகாது. சமன் செய்யப்பட்ட இறுதி அளவே பதிவுக்கு உரியது.' கீழே கையொப்பம், அஞ்சுகம், உதவியாளர்.

அந்த அலுவலகத்தில் சேருகிற எவருக்கும் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். அடித்தல் திருத்தலோடு வரைவு கோப்புக்குள் போகக்கூடாது. திருத்தி, தூய நகல் எடுத்து, அதைத்தான் கோப்பில் சேர்க்கவேண்டும். வரைவைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். அஞ்சுகத்துக்கு அது ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. பழக்க தோஷத்தில் அந்த வரியை எழுதினாள். நல்ல வரி என்று நாச்சியப்பன் அன்றைக்குப் பாராட்டினார். மனுஷனுக்கு வருகிற பயமும் கிழித்துப்போடும் வரைவும் ஒன்றில்லை என்று அவளுக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இதுவரைக்கும் எத்தன கோப்பு பாத்திருப்பீங்கக்கா?"

"முப்பத்தெட்டு."

"எல்லாமே..."

"எல்லாமே ஓட்டுநர்தான்" என்றாள். அந்த முப்பத்தெட்டு வீட்டிலும் யாராவது அந்தத் தாளைக் கையில் வாங்கிப் படித்திருப்பார்கள். வெளியே ஓடினாள்.

வெள்ளிக்கிழமை அவள் கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பதிலாக நாச்சியப்பனிடம் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தாள். பெட்டியை உடனே நகர்த்த வேண்டும், பதிவைச் சமனுக்கு முன்னால் எடுக்க வேண்டும், முப்பத்தெட்டுக் கோப்புகளையும் திரும்பத் திறக்க வேண்டும். பரிதியின் கோட்டைப் படமாக எடுத்துப் பின்னால் இணைத்திருந்தாள்.

நாச்சியப்பன் கெட்டவர் இல்லை. நான்கு பக்கத்தையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார்.

"அடுத்த மாசம் அச்சமற்ற நகரம்னு நமக்குச் சான்றிதழ் குடுக்க வர்றாங்கம்மா."

"தெரியும் சார். என் பொண்ணு அந்த வழியாதான் பள்ளிக்கூடம் போறா."

"சரி. மேல அனுப்பறேன். கண்டிப்பா அனுப்பறேன்." அவள் தலையைப் பார்த்தார். "ஹெல்மெட் எங்கம்மா? இந்த நேரத்துல போட்டுக்குங்க. மனசு தாங்கணுமில்ல?"

"தாங்க வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அவர் சொன்னபடி அனுப்பினார். அனுப்புவதற்கு முன்னால் தூய நகல் எடுத்தார்கள். பரிதியின் கோடு சமன் செய்யப்படாத அளவு, அதாவது வரைவு. ஆகவே விதிப்படி அதை இணைக்க முடியாது என்று எடுத்துவிட்டார்கள். கோடு போனதும் அதைப் பற்றின பத்திகளுக்கு ஆதாரம் இல்லாமல் போயிற்று; அவற்றையும் எடுத்தார்கள். நான்கு பக்கம் இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, கடைசியில் மேலே போய்ச் சேர்ந்தது ஒரே ஒரு செய்தி: மாணவர்கள் சிலர் காதுப் பட்டையில் துணி செருகுவதால் உப்பளத்து வளைவில் பிழையான பதிவுகள் ஏற்படுகின்றன.

மேலேயிருந்து அவ்வளவு சீக்கிரத்தில் எந்த உத்தரவும் வந்ததில்லை. ஒன்பதே நாளில் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் புது ஹெல்மெட். காதுப் பட்டை தோலோடு ஒட்டிக்கொள்ளும் மாதிரி. குண்டூசிகூட இடையில் போகாது. பரிதியின் கோப்பு வேறு பிரிவுக்குப் போனது. அங்கே இருந்தவர் பத்து நிமிஷத்தில் 'ஓட்டுநர்' கட்டத்தில் பேனாவால் குறியிட்டு முடித்துவிட்டார்.

புது ஹெல்மெட் வந்த அன்று சாயந்திரம் ஆதிரை வீட்டுக்கு வந்து பையை வைத்தாள். கொக்கியை அவிழ்க்காமலே தண்ணீர் குடித்தாள்.

"அம்மா, இன்னிக்கு நான் அந்தப் பெட்டிகிட்ட இறங்கவே இல்ல" என்றாள். பரீட்சை மதிப்பெண் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "இறங்கணும்னே தோணல. பக்கத்துல பஸ் போச்சு. நல்லாத்தான் இருந்துச்சு."

அஞ்சுகம் மகளின் முகத்தைப் பார்த்தாள். சிரித்த முகம். அறுபத்தொரு நாள் தன் முகம் இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இனிமேல் சைக்கிளில் போகாதே, நான் பேருந்தில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். ஆதிரை மறுக்கவில்லை, சம்மதிக்கவும் இல்லை. காலையில் பார்த்தால் சைக்கிளைக் காணவில்லை.

அஞ்சுகம் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். உப்பளத்து வளைவில் பெட்டிக்கு முன்னால், பாதை நடுவே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். வந்தவர்கள் பிரேக் பிடித்தார்கள். "இறங்கித் தள்ளிட்டுப் போங்க" என்றாள். இறங்கினார்கள். தள்ளிக்கொண்டு போனார்கள். பெட்டியைத் தாண்டியதும் ஏறிக்கொண்டார்கள். எட்டு பத்துக்கு ஆதிரையும் வந்தாள்.

"என்னம்மா இங்க?"

"இறங்குடி."

"சரி" என்று இறங்கித் தள்ளிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து லீவு. காலையிலும் சாயந்திரமும் அவள் அங்கே நின்றாள். ஒருநாளைக்கு ஆயிரம் பேராவது அவள் சொல்லி இறங்கியிருப்பார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் அவளைத் தின்றது. எவனாவது ஒருத்தன், உனக்கென்ன பைத்தியமா, வழியை விடு என்று சண்டைக்கு வந்தால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள். போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். பாதையில் நிற்பது தவறு என்றார். நான் நின்றுகொண்டுதான் இருப்பேன் என்றாள். அப்படியா என்று சொல்லிவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். அவர் தலையிலும் ஹெல்மெட்.

இப்படியே மூன்றாவது வாரம். உப்பளத்துப் பக்கம் காற்று நின்று போய்ப் புழுங்கிக்கொண்டிருந்த ஒரு காலை. ஒரு பெண் வந்தாள். பின் இருக்கையில் இரண்டு வயதுப் பெண் குழந்தையை நாடா போட்டுக் கட்டியிருந்தாள். அஞ்சுகம் சொன்னதும் இறங்கினாள். குழந்தை அம்மாவின் பின்னலைப் பிடித்து விளையாடியதில் முடி கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தது. சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, முடியை எடுத்துவிடுவதற்காக அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். பல்லில் கொண்டை ஊசியைக் கடித்துக்கொண்டு தலையை முடிந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

பெட்டியைப் பார்த்தாள். விளிம்பைப் பார்த்தாள். பேருந்து ஒன்று அவள் சேலையை இழுக்கிற மாதிரி உராய்ந்துகொண்டு போயிற்று. வாயிலிருந்து ஊசி விழுந்தது.

"ஐயோ, இது எப்பலேர்ந்துங்க இங்க இருக்கு?"

"ஆறு வருஷமா."

"இதுலயா நான்... தெனமும் புள்ளய வச்சுக்கிட்டு... ரெண்டு தடவ..." குழந்தையை நாடாவிலிருந்து பிய்த்து எடுத்து நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். சைக்கிள் சாய்ந்து விழுந்தது. குழந்தை வீரிட்டு அழுதது, அவளும் அழுதாள். மற்றொரு கையால் அஞ்சுகத்தின் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிகிற பிடி. அஞ்சுகத்துக்கு வலித்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"என் புருஷன் இங்கதாம்மா செத்தாரு" என்றாள்.

"ஐயோ" என்றாள் அந்தப் பெண் மறுபடியும். மூன்று வாரத்தில் அஞ்சுகத்திடம் யாரும் ஐயோ சொன்னதில்லை.

பின்னால் சைக்கிள்கள் வரிசையாக நின்றுவிட்டன. இருபது, முப்பது இருக்கும். யாரும் மணி அடிக்கவில்லை. பாதை அடைத்திருக்கிறது, திறக்கும் என்ற நம்பிக்கையில் அமைதியாக நின்றார்கள். அஞ்சுகம் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு வரிசையின் முதல் ஆளிடம் போனாள். ஐம்பது வயதிருக்கும், சாப்பாட்டுப் பை மாட்டிய ஒரு வங்கி ஊழியர். தான் எதைச் சொன்னாலும் இவர்கள் மறுக்கமாட்டார்கள் என்பது மூன்று வாரம் கழித்து இப்போதுதான் அவள் மண்டையில் உறைத்தது.

"சார், ஒரே ஒரு நிமிஷம் அந்த ஹெல்மெட்டக் கழட்டுங்களேன்" என்றாள்.

அவர் மறுக்கவில்லை. கொக்கியை அவிழ்த்துக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, என்னம்மா என்று நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் மாறும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு அடுத்தவரிடம் போனாள்.